வாய் யாருடையது? – எரேமியாவை முன்வைத்து

தீர்க்கதரிசி என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தூரத்தில் வருவதை முன்கூட்டியே பார்க்கிறவன் என்று அதற்குப் பொருள். நம் சனங்கள் அதைக் குறி சொல்றவன் என்ற அளவிலேயே புரிந்துகொண்டதில் ஆச்சரியமில்லை. எபிரேய மூலத்தில் உள்ள ‘நாபி’ என்ற சொல்லுக்குப் பார்வையோடு அவ்வளவு சம்பந்தம் கிடையாது. அழைக்கப்பட்டவன் என்றோ அழைத்து அறிவிக்கிறவன் என்றோ அதை விளக்குகிறார்கள். பார்க்கிறவனைக் குறிக்க அந்த மொழியில் வேறு சொற்கள் இருந்தன. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘இறைவாக்கினர்’ என்று மாற்றியது. கண்ணிலிருந்து வாய்க்கு வந்து சேர்ந்தது தமிழ். நான் பேச வந்த விஷயமும் இந்த வாய் பற்றியதுதான்.

நாபியின் பேச்சு ஒரு வாய்பாட்டோடு தொடங்கும். கடவுள் இப்படிச் சொன்னார் என்று பொருள்படும் அந்த வாய்பாடு அவர்கள் கண்டுபிடித்ததல்ல, அரண்மனைத் தூதர்களுடையது. அந்தக் காலத்து மேற்காசியாவில் ஒரு ராஜாவின் செய்தியை இன்னொரு ராஜாவிடம் கொண்டுபோகிறவன் அப்படித்தான் ஆரம்பிப்பான். எருசலேமை முற்றுகையிட வந்த அசீரியத் தளபதியும் மதிலுக்கு வெளியே நின்று தன் ராஜாவின் பெயரில் அதே மாதிரிதான் பேசுகிறான். தூதன் ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. வாய் அவனுடையது, வார்த்தை வேறொருவருடையது. ஊரார் சொன்னதைத் தண்டோரா போட்டுச் சொல்லும் வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உறுத்தத்தான் செய்யும். எனக்கும் உறுத்தியது. உன் சொந்தப் பேச்சைப் பேசாதே என்கிற ஒரு சட்டம் எப்படி விடுதலைக்கு ஆகும்? இந்தக் கேள்வியோடுதான் எரேமியாவின் புத்தகத்தை மறுபடியும் வாசித்தேன்.

சட்டம் உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கடவுள் கட்டளையிடாத ஒன்றை அவர் பெயரில் சொல்கிற நாபி சாக வேண்டும். அது கடவுளின் வார்த்தைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொன்னது நடந்தால் மெய், நடக்காவிட்டால் பொய். இவ்வளவுதான். நடக்கும்வரை என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லை. கி.மு. 622இல் யோசியா ராஜா ஆலயத்தில் கிடைத்த ஒரு நியாயப்பிரமாணச் சுருளை வைத்து யூதா நாட்டில் சீர்திருத்தம் செய்தான். உபாகமத்தின் மையப் பகுதிதான் அந்தச் சுருள் என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். எரேமியா அந்தத் தலைமுறை ஆள்.

(ராஜாவுக்கும் அடிமைக்கும் நாபிக்கும் ஒரே ‘அவன்’ போட்டுத்தான் எழுதுகிறேன். பழைய தமிழ் வேதாகமம் அப்படித்தான் எழுதுகிறது. அந்தச் சமத்துவத்தை இழக்க எனக்கு மனசில்லை.)

எரேமியாவை ஒடுக்கப்பட்டவனாகக் காட்டி எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. எருசலேமுக்கு வடகிழக்கே நாலைந்து கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஆனதோத் ஊரின் குருமார் குடும்பத்துப் பிள்ளை அவன். பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து நிலம் வாங்க முடிந்தவன். சொல்வதை எழுத ஒரு எழுத்தனை, பாருக்கை, வைத்துக்கொள்ள முடிந்தவன். ஆனால் அந்த ஆனதோத், சாலொமோன் காலத்தில் அபியத்தார் என்ற குருவை வேலையை விட்டு விரட்டி அனுப்பிய ஊர். எருசலேமின் ஆலயச் சாப்பாட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட குருமார்கள் அங்கே இருந்திருக்கலாம். பின்னால் அந்த ஊர்க்காரர்களே எரேமியாவைக் கொல்லத் திட்டம் போட்டார்கள் என்று புத்தகம் சொல்கிறது.

யோசியா கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்தியர் கையில் செத்தான். அவன் மகன் யோயாக்கீமை எகிப்தியர் ராஜாவாக்கினார்கள். எகிப்துக்குக் கப்பம் கட்ட சனங்களிடம் வரி பிடுங்கிய அதே யோயாக்கீம் தனக்கு மாளிகையும் கட்டிக்கொண்டான், கேதுரு மரப் பலகை அடித்து, சிவப்புச் சாயம் பூசி. வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. கூலி கொடுக்காமல் கட்டினாய் என்று முகத்துக்கு நேரே சொன்ன குரல் எரேமியாவுடையது. கடவுளின் வார்த்தை என்று அவன் கொண்டுவந்த சரக்கு எப்படிப்பட்டது என்பதை இங்கேயே கவனித்துவிட வேண்டும். கூலி பாக்கி, விதவை, அனாதை, அந்நியன், அடிமை. தெய்வ வாக்கு என்றால் வானத்தைப் பற்றியது என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

அந்த ஆட்சியின் தொடக்கத்திலேயே ஆலய முற்றத்தில் நின்று இந்த ஆலயம் சீலோவைப் போல ஆகும் என்றான். சீலோ பழைய காலத்தில் கடவுளின் பெட்டி இருந்த இடம், எரேமியா காலத்தில் வெறும் பாழ். ஒரு வார்த்தையையும் குறைக்காதே என்பது அவனுக்கு வந்த உத்தரவு. குருமாரும் மற்ற நாபிகளும் சேர்ந்து பிடித்துக்கொண்டு, இவன் சாக வேண்டும் என்றார்கள். விசாரணையில் அவன் சொன்ன எதிர்வாதம் ஒன்றே ஒன்று: அனுப்பியவர் அவர், நான் சும்மா வரவில்லை. சாட்சி இல்லை, அத்தாட்சி இல்லை. நூறு வருஷத்துக்கு முன் மீகா இதே மாதிரி பேசியபோது அன்றைய ராஜா கொல்லவில்லையே என்று நாட்டுப்புற மூப்பர் சிலர் முன்னுதாரணம் காட்டினார்கள். பழைய தண்டனைத் தீர்ப்பைத் தோண்டி எடுப்பதுபோலப் பழைய விடுதலையையும் ஞாபகம் வைத்திருக்க ஆள் வேண்டியிருக்கிறது.

இதையடுத்து நடந்ததைப் பிரசங்கங்களில் அதிகம் சொல்வதில்லை. ஊரியா என்று இன்னொரு நாபி, கீரியாத்யாரீம் ஊர்க்காரன், எரேமியா சொன்னதையேதான் சொன்னான். பயந்து எகிப்துக்கு ஓடினான். ராஜா எல்நாத்தான் என்பவன் தலைமையில் ஆள் அனுப்பிப் பிடித்துக்கொண்டுவந்து, வெட்டி, பிணத்தைச் சாமானிய சனங்களின் புதைகாட்டில் எறியச் செய்தான். சொல் ஒன்றே, கடவுள் ஒன்றே. ஒருத்தன் பிழைத்தான், ஒருத்தன் செத்தான். எரேமியாவுக்குச் சாப்பானின் மகன் அகீக்காம் என்ற பெரிய அதிகாரியின் ஆதரவு இருந்தது என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. ஊரியாவுக்கு அப்படி ஆள் இல்லை. அவன் பேசியதில் ஒரு வரியாவது மிஞ்சவில்லை. எரேமியா பெயரில் இவ்வளவு பெரிய புத்தகம் இருப்பதற்கும் ஊரியா பெயரில் எதுவும் இல்லாமல் போனதற்கும் இடையே உள்ள தூரம் ஒரு அதிகாரியின் தயவுதான்.

கி.மு. 605இல் கர்கேமிஷ் போரில் பாபிலோன் எகிப்தை முறியடித்தது. இனி பாபிலோனுக்குப் பணிவதா எதிர்ப்பதா என்பதே யூதாவின் அரசியல். ஆலயத்துக்குள் வரக் கூடாது என்று எரேமியாவுக்குத் தடை இருந்ததால், பாருக்கு அவன் சொல்லச் சொல்லச் சுருளில் எழுதி, 604 டிசம்பர் வாக்கில் ஒரு உபவாச நாளில் ஆலயத்தில் வாசித்தான். கிட்டத்தட்ட அதே வாரங்களில் நேபுகாத்நேச்சாரின் படை அஸ்கலோன் நகரத்தை அழித்ததாகப் பாபிலோனிய நாளாகமப் பலகை சொல்கிறது. சுருளைப் பற்றிக் கேள்விப்பட்ட ராஜா அதைக் கொண்டுவரச் செய்தான். குளிர்காலம். முன்னால் கணப்புச் சட்டியில் நெருப்பு. மூன்று நாலு பத்தி வாசித்ததும் எழுத்தனின் சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போட்டான். மறுபடி மூன்று நாலு பத்தி, மறுபடி கத்தி. கோபத்தில் ஒரேயடியாகக் கிழித்திருந்தால் வேறு கதை. முழுசும் கேட்டுக்கேட்டு நிதானமாக எரித்தான். வேண்டாம் என்று மூன்று அதிகாரிகள் கெஞ்சினார்கள். அந்த மூவரில் ஒருவன் எல்நாத்தான். ஊரியாவை எகிப்திலிருந்து இழுத்து வந்தவன்தான், சுருளுக்காகக் கெஞ்சுகிறான். மனுசனைக் கொல்லத் துணிந்தவனுக்கு எழுத்தை எரிக்கக் கை கூசியதா, அல்லது முதல் கொலை உறுத்திக்கொண்டிருந்ததா? புத்தகம் சொல்லவில்லை.

எரேமியா மறுபடியும் எல்லாவற்றையும் பாருக்கிடம் சொல்லி எழுதுவித்தான். அதோடு இதே மாதிரியான வேறு அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன என்று அதிகாரம் முடிகிறது. சேர்க்கப்பட்டன! கூட்டாதே குறைக்காதே என்ற சட்டத்தை வைத்துக்கொண்டு, எரித்ததற்குப் பதிலாகக் கூட்டிவிட்டார்கள். யார் சேர்த்தது என்றுகூட அந்த வாக்கியம் தெளிவாகச் சொல்லவில்லை. இது வெறும் சொல் வேடிக்கை அல்ல. எரேமியா புத்தகத்தின் கிரேக்க வடிவம் எபிரேய வடிவத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியது. கும்ரான் குகைகளில் கிடைத்த எபிரேயத் துண்டுகள் சில அந்தச் சின்ன வடிவத்தோடு ஒத்துப்போகின்றன. ஆக, சின்னப் புத்தகமும் பெரிய புத்தகமும் எபிரேயத்திலேயே பக்கம்பக்கமாக நடமாடியிருக்கின்றன. கடவுளின் வார்த்தை மட்டும் என்ற கொள்கை, பல கைகள் எழுதி வளர்த்த ஒரு பிரதியின் வழியாகத்தான் நம் கைக்கு வந்திருக்கிறது. இதனால் அந்தக் கொள்கை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எரிக்கிற கை இருக்கும்வரை எழுதுகிற கை ஒன்றாக இருக்க முடியாது.

இப்போது அனனியாவுக்கு வருவோம். இந்த விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கி.மு. 597இல் பாபிலோன் எருசலேமைப் பிடித்தது. இளம் ராஜா யோயாக்கீனையும் கைவினைஞர்களையும் ஆலயப் பாத்திரங்களையும் கொண்டுபோனது. சிதேக்கியாவைப் பொம்மை ராஜாவாக வைத்தது. மூன்று நாலு வருஷத்தில் எருசலேமில் அக்கம்பக்கத்து நாடுகளின் தூதர்கள் கூடிக் கலகத்துக்குத் திட்டம் போட்டார்கள். எரேமியா கழுத்தில் மர நுகத்தைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தான். பாபிலோனுக்குப் பணிந்து பிழையுங்கள் என்பது அதன் அர்த்தம். கிபியோன் ஊர் அனனியா ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அதே தூதன் வாய்பாட்டை வைத்து, கடவுள் பாபிலோனின் நுகத்தை முறித்துவிட்டார், இரண்டே வருஷத்தில் பாத்திரங்களும் ராஜாவும் சிறைப்பட்டவர்களும் திரும்பி வருவார்கள் என்றான்.

அனனியாவைக் கேலிச்சித்திரமாக்கக் கூடாது. அவன் பேசியதும் விடுதலைதான், அதுவும் பேரரசுக்கு எதிராக. ஆதாரம் இல்லாமலும் பேசவில்லை. கி.மு. 595–594 வாக்கில் நேபுகாத்நேச்சார் சொந்த நாட்டிலேயே ஒரு கலகத்தை அடக்க வேண்டியிருந்தது என்று அவனுடைய நாளாகமமே சொல்கிறது. அந்தச் செய்தி யூதாவுக்கும் எட்டியிருக்கும். கிரேக்க வடிவம் அனனியாவைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று அறிமுகப்படுத்துகிறது. எபிரேய வடிவமோ நாபி எரேமியா, நாபி அனனியா என்று இருவருக்கும் ஒரே பட்டம் கொடுக்கிறது. கூடி நின்ற சனம் பார்த்தது அதைத்தான். இரண்டு நாபிகள், ஒரே வாய்பாடு, நேர் எதிரான செய்தி. இப்போ எவனை நம்புறது?

எரேமியாவின் முதல் பதில் ஆமென். அப்படியே ஆகட்டும், கடவுள் அப்படியே செய்யட்டும். கிண்டல் என்று சிலர் சொல்வார்கள், நான் நினைக்கவில்லை. சிறைப்பட்டவர்கள் திரும்பி வர வேண்டும் என்ற ஆசை அவனுக்கும் இருந்தது. ஆனால் ஆசை அவனுடையது, வார்த்தை அல்ல. பிறகு ஒன்று சொன்னான்: முற்காலத்து நாபிகள் யுத்தத்தையும் கேட்டையும்தான் சொன்னார்கள். சமாதானம் சொல்கிறவனை அது நடந்த பிறகே நம்ப முடியும். நல்ல செய்தி சொல்கிறவன் தலையில்தான் நிரூபிக்கும் பாரம். இதைக் கேட்ட அனனியா எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தான்.

எரேமியா ஒன்றும் சொல்லாமல் தன் வழியே போய்விட்டான்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. சனங்கள் முன்னால் கழுத்தில் கைவைத்து உடைத்திருக்கிறான், கூட்டம் அவன் பக்கம். பதிலடி கொடுக்க எரேமியாவுக்கு நாக்கு இல்லாமலா போயிற்று? வசவுக்கும் சாபத்துக்கும் அவனிடம் பஞ்சமே இல்லை, புத்தகம் பூராவும் கிடக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு வார்த்தை வரவில்லை. வராததை வந்ததாகச் சொல்லவில்லை. தோற்றவனாக வீட்டுக்குப் போனான். பிறகுதான், எத்தனை நாள் கழித்து என்று தெரியாது, மர நுகத்துக்குப் பதிலாக இரும்பு நுகம் வரும் என்ற வார்த்தையோடு திரும்பி வந்தான். அதே வருஷம் ஏழாம் மாதம் அனனியா செத்தான் என்று புத்தகம் முடிக்கிறது. அந்த முடிவு எனக்கு முக்கியமில்லை, ஜெயித்த கட்சிக்காரர்கள் எழுதியது. தோற்றுப்போன மத்தியானத்தை அழிக்காமல் விட்டுவைத்தார்களே, அது முக்கியம்.

ராஜா சம்பளத்தில் இருந்த நாபிகளுக்கு வார்த்தை எப்போதும் தயார். ஒருத்தர் வார்த்தையை ஒருத்தர் திருடிச் சொல்கிறார்கள் என்று எரேமியா ஓரிடத்தில் குற்றம் சாட்டுகிறான். பல தலைமுறைக்கு முன்பு ஆகாப் ராஜா நானூறு நாபிகளைக் கூட்டிக் கேட்டபோதும் நானூறு பேரும் ஒரே குரலில் வெற்றி என்றார்கள். மிகாயா ஒருவன்தான் மறுத்தான், சிறைக்குப் போனான். கடவுளின் வார்த்தை மட்டும் என்ற கட்டுப்பாடு அரண்மனையில் இருப்பவனுக்கு ஒரு முத்திரை, அவ்வளவுதான். வெளியே நிற்கிறவனுக்கு அதுவே ராஜாவின் வார்த்தையைப் பேச மறுக்கக் கிடைத்த ஒரே காரணம். இரண்டும் ஒரே சட்டத்தின் இரண்டு பக்கம். எது எது என்பது வாயைப் பார்த்தால் தெரியாது. யாருக்குக் கூலி கிடைத்தது, யாருக்கு விலங்கு கிடைத்தது என்று பார்த்தால் ஓரளவு தெரியும்.

கி.மு. 588இல் முற்றுகை. சாப்பாடு குறைந்த நகரத்தில் சிதேக்கியாவும் பிரபுக்களும் தங்கள் எபிரேய அடிமைகளையெல்லாம் விடுதலை செய்வதாக, கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி நடுவே நடந்து உடன்படிக்கை செய்தார்கள். ஏழாம் வருஷம் விட வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே இருந்தது, யாரும் மதித்ததில்லை. முற்றுகையில் அடிமைக்குச் சோறு போடுவது நஷ்டம், மதிலில் நிற்க ஆளும் தேவை என்பதால் இந்த மனமாற்றம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். எகிப்தியப் படை வருகிறது என்று கேட்டுப் பாபிலோன் சிறிது விலகியதும் அதே அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். எரேமியா கொண்டுவந்த வார்த்தையில் ஈவிரக்கமே இல்லை. அவர்களுக்கு நீங்கள் விடுதலை கூறவில்லை, ஆகவே உங்களுக்கு விடுதலை கூறப்படுகிறது, பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும். விடுதலைக்கு எபிரேயத்தில் தெரோர். அந்தச் சொல்லையே திருப்பி அடித்திருக்கிறான்.

படைவீரரின் கைகளைத் தளரச் செய்கிறான் என்று அதிகாரிகள் அவனைக் குற்றம் சாட்டினார்கள். 1935இல் லாகீசில் கிடைத்த மை எழுத்து ஓடுகளில் ஒன்றில் இதே மரபுத்தொடர் இருக்கிறது. சிதைந்த இடத்தைப் பெரும்பாலோர் வாசிக்கிற விதத்தில் பார்த்தால், அங்கே கைகளைத் தளரச் செய்வது அதிகாரிகளின் வார்த்தைகள்! இன்னொரு ஓட்டில் ஒரு நாபியிடமிருந்து வந்த, எச்சரிக்கையாய் இரு என்ற கடிதம் பற்றிப் பேச்சு வருகிறது. பெயர் இல்லை. அது எரேமியா என்றும் ஊரியா என்றும் ஊகித்திருக்கிறார்கள். நிரூபிக்க வழியில்லை.

அவனைக் கயிறு கட்டி, தண்ணீர் இல்லாத, சேறு மட்டும் உள்ள தொட்டிக்கிணற்றில் இறக்கிவிட்டார்கள். அவன் உங்கள் கையில், உங்களுக்கு எதிராக ராஜா ஒன்றும் செய்ய முடியாது என்று சிதேக்கியா கைவிரித்துவிட்டான். காப்பாற்றியவன் எபெத்மெலேக்கு. கூஷ் தேசத்தவன், அதாவது எகிப்துக்குத் தெற்கே இன்றைய சூடான் பகுதிக் கறுப்பன். அரண்மனை அண்ணகன். பெயருக்கு அர்த்தம் ராஜாவின் அடிமை. பெரிய அதிகாரிகளும் முத்திரையில் போட்டுக்கொண்ட பட்டம் அது. இவனுக்கோ பெயரே அதுதான். நகர வாசலில் உட்கார்ந்திருந்த ராஜாவிடம் போய், இந்த மனுசர்கள் செய்தது அநியாயம் என்றான். ஆட்களோடு போய், கிழிந்த பழந்துணிகளைக் கீழே இறக்கி, கயிறு அறுக்காமல் இருக்க அக்குளில் வைத்துக்கொள் என்று சொல்லித் தூக்கினான். கயிறு அறுக்கும் என்பது கயிற்றோடு வேலை செய்தவனுக்குத்தான் தோன்றும். கடவுள் சொன்னார் என்ற வாய்பாட்டை எபெத்மெலேக்கு பயன்படுத்தவில்லை. சொந்த வாயால், சொந்த வார்த்தையில் பேசினான்.

எருசலேம் தோண்டலில், தாவீதின் நகரம் என்கிற பகுதியில், 2005இலும் 2008இலும் இரண்டு களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. செலேமியாவின் மகன் யூகால், பஸ்கூரின் மகன் கெதலியா. எரேமியாவைக் கிணற்றில் போட்ட நால்வர் பட்டியலில் இரண்டு பெயர்கள். 1982இல் சாப்பானின் மகன் கெமரியாவின் பதிவு கிடைத்தது. அவன் அறையில்தான் பாருக்கு சுருளை வாசித்தான். நகரத்தை எரித்த நெருப்பில் களிமண் சுட்டு இறுகியதால் அவை தப்பின. எரேமியாவுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. பாருக்கின் முத்திரை என்று பழம்பொருள் சந்தையிலிருந்து வந்தது போலி என்று சொல்கிறார்கள். எபெத்மெலேக்குக்கு முத்திரை ஏது? கிணற்றில் தள்ளியவர்களுக்கு மண்ணுக்குள்ளேயும் கையெழுத்து இருக்கிறது. தூக்கிவிட்டவன் பிரதியில் மட்டும் இருக்கிறான்.

கிணற்றிலிருந்து வந்த பிறகு நடந்த ஒரு சங்கதியை விட்டுவிட முடியாது. ராஜா இரகசியமாக எரேமியாவைக் கூப்பிட்டுக் கேட்டான், சரணடைந்தால் பிழைப்பாய் என்று இவன் சொன்னான். அதிகாரிகள் விசாரித்தால், உயிர்ப்பிச்சை கேட்டதாக மட்டும் சொல் என்றான் ராஜா. எரேமியா அப்படியே சொல்லிவிட்டான். ஒரு வார்த்தையையும் குறைக்காதே என்ற உத்தரவுள்ள ஆள்! எனக்கு இதில் ஒரு முரணும் தெரியவில்லை. கடவுளின் வார்த்தையை ராஜாவுக்கு முழுசாகச் சொல்லியாயிற்று. அதிகாரிகளுக்குச் சொன்னது அவனுடைய சொந்தப் பேச்சு. சொந்தப் பேச்சில் பிழைக்கத் தெரிந்தவனாக இருந்தான்.

நகரம் விழுந்தது. பாபிலோனியத் தளபதி எரேமியாவுக்கு உணவும் வெகுமதியும் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் போ என்றான். அனனியாவின் ஆட்கள் மிச்சமிருந்தால் அன்று சிரித்திருப்பார்கள். நாங்க அப்பவே சொல்லல? பேரரசின் ஆள் என்ற அந்தப் பழியை முழுசாகத் துடைக்க என்னிடம் வாதம் இல்லை. அவன் பாபிலோனுக்குப் போகாமல் அழிந்த நாட்டின் ஏழைகளோடு தங்கினான் என்பதை மட்டும் சொல்லலாம்.

மிஞ்சியவர்கள் எகிப்துக்கு ஓட எண்ணி, கடவுளிடம் கேட்டுச் சொல் என்றார்கள். பாபிலோன் பழிவாங்க வந்துவிடும் என்ற பயத்தில் ஒவ்வொரு நாளும் உயிர்போகிற அவசரம். எரேமியா பத்து நாள் ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் நாள் வார்த்தை வந்தது: போகாதீர்கள். பொய் சொல்கிறாய், பாருக்கு உன்னை ஏவிவிடுகிறான் என்று சொல்லி, இருவரையும் இழுத்துக்கொண்டே போனார்கள்.

எகிப்தில் கடைசி வாக்குவாதம் பெண்களோடு. வானத்து ராணிக்குப் பலகாரம் படைத்துத் தூபம் காட்டியதால்தான் இந்தக் கேடு என்றான் எரேமியா. அவர்கள் மாற்றிச் சொன்னார்கள்: படைத்த காலத்தில் வயிறார அப்பம் தின்றோம், சுகமாக இருந்தோம். நிறுத்திய நாளிலிருந்துதான் பட்டயமும் பஞ்சமும். எங்கள் புருசர்களுக்குத் தெரியாமலா படைத்தோம்? நடந்ததை வைத்துப் பார் என்ற உபாகமச் சட்டத்தின் சோதனையையே அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். யார் வார்த்தை நிலைக்கும் என்று பார்ப்போம், பார்வோன் ஒப்பிரா எதிரிகள் கையில் கொடுக்கப்படுவதே உங்களுக்கு அடையாளம் என்றான் எரேமியா. ஒப்பிராவை அவனுடைய தளபதி அமாசிஸ் கி.மு. 570இல் கவிழ்த்தான். அதைப் பார்க்க எரேமியா உயிரோடு இருந்தானா, அந்தப் பெண்கள் படைப்பதை நிறுத்தினார்களா என்று புத்தகத்தில் இல்லை. எரேமியாவின் சாவுச் செய்திகூட அதில் இல்லை.